திரைக்கு வந்த குரல்

இசையறிந்தோர்க்கே நாடகமேடையில் இடமிருந்த காலம் அது. 1911இல் திருவையாற்றில் பிறந்த டி. பி. இராஜலட்சுமி, குழந்தை மணத்தின் துயரையும் தந்தையின் மறைவையும் கண்டபின், தாயுடன் திருச்சிக்கு வந்து சாமண்ணாவின் நாடகக் குழுவில் சிறுமியாகவே சேர்ந்தார். குரலே அவருக்குக் கைம்முதல்.

திரையிலோ அக்குரலுக்கு வேலையில்லை. மதுரை எரிந்த கதையை ஏ. நாராயணன் 1929இல் ‘கோவலன்’ என்னும் ஊமைப்படமாக எடுத்தபோது, இராஜலட்சுமி அதில் நடித்தார். மேடையில் ஒரு பாட்டால் உணர்த்திய துயரை விழியாலும் கையாலும் மட்டுமே உணர்த்த வேண்டியிருந்தது. காட்சிகளுக்கிடையே திரையில் தோன்றும் எழுத்துகளே உரையாடல். எழுத்தறியாதோர்க்கு அரங்கில் ஒருவர் அவற்றை உரக்கப் படித்துக் காட்டுவார். பாடிப் பழகியவர்க்கு இது புதிய பள்ளிதான்.

ஈராண்டுகளில் நிலைமை மாறியது. பம்பாயில் எச். எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ என்னும் பேசும்படம் 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. அதில் இராஜலட்சுமி தமிழில் பேச, நாயகனோ தெலுங்கில் விடையளித்தார்! பாட்டுக் கேட்க வந்த மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை போலும். புராணக் கதைக்குச் சிறிதும் தொடர்பில்லாத கைராட்டினப் பாட்டையும் அவர் அப்படத்தில் பாடினார். விடுதலை வேட்கை மிக்க அந்நாளில் அதுவும் வரவேற்கப்பட்டது.

1936இல் தம் புதினத்தையே ‘மிஸ் கமலா’ என்னும் படமாக்கித் தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநரானார். 1939இல் ‘மதுரை வீரன்’ படத்தையும் இயக்கிய அவர், 1964இல் மறைந்தார்.