சதுரங்க மேதை சுல்தான் கான்

சதுரங்கம் ஆடினால் கணக்குப் பாடத்தில் மதிப்பெண் கூடும் என்பார் உளர். அதனை நான் அறுதியிட்டுக் கூற மாட்டேன். ஆனால் நெருக்கடியில் பதறாமல் சிந்திக்கும் பழக்கத்தை 64 கட்டங்களும் 32 காய்களும் தரவல்லன என்பதை நம்புகிறேன். அந்நம்பிக்கையை எனக்கு ஊட்டியது மீர் சுல்தான் கான் வாழ்க்கை.

இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியில், மிட்டா திவானா என்னும் ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே தந்தையிடம் சதுரங்கம் கற்றார். அது இந்திய முறை ஆட்டம். சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் கிடையாது. மாறாக, ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். காய்கள் மோதிக்கொள்ள நெடுநேரம் ஆகுமாதலால், இம்முறையில் பழகியவருக்குப் பொறுமை தானே வந்துவிடும்.

1928இல் அகில இந்திய வெற்றியாளரானார். பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் 1929இல் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அவர் அங்கே வெறும் பணியாள் என்று எழுதியோர் பலர். குடும்பத்தார் அதனை மறுக்கின்றனர். எப்படியாயினும், புதிய விதிகளைப் பழகிய சில மாதங்களிலேயே பிரிட்டிஷ் வாகையர் பட்டம் அவர் கைக்கு வந்தது! 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அதனை வென்றார்.

ஐரோப்பிய வீரர்கள் தொடக்க நகர்வுகளை நூல்களிலிருந்து ஆழ்ந்து கற்றவர்கள். சுல்தான் கானுக்கு அந்தப் பயிற்சி இல்லை. அதனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் பல முறை அவர் நிலை தாழ்ந்தே இருக்கும். நடு ஆட்டத்திலும் இறுதியிலும் சொந்தச் சிந்தனையாலேயே மீள்வார். எங்கள் விடுதியில் நகர்வுகளை மனப்பாடம் செய்து வரும் நண்பர்களைக் கண்டிருக்கிறேன். எதிராளி பாடத்திற்கு வெளியே ஒரு காயை நகர்த்திவிட்டால் விழிப்பார்கள். (தேர்வுக் கூடத்திலும் இதே கதைதான், பேராசிரியர்கள் பொறுத்தருள்க.)

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக வாகையர் காபபிளாங்காவை எதிர்கொண்டார். தோல்வியையே அரிதாகக் கண்ட அம்மேதையைச் சிறிது சிறிதாக நெருக்கி, 65 நகர்வுகளில் வென்றார். 1931இல் தார்த்தகோவரையும் ஒரு நேர்போட்டியில் வீழ்த்தினார். மூன்று ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் ஆடியவரும் அவரே. இத்தனைக்கும் இங்கிலாந்தின் குளிர் அவரை அடிக்கடி நோயில் வீழ்த்தியது.

1933இன் இறுதியில் சர் உமர் தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். அத்துடன் அவரது ஐரோப்பிய ஆட்டம் முடிந்தது. ஐந்து ஆண்டுகள்கூட நிறையவில்லை. ஆற்றல் அவருடையது, பயணச்சீட்டு வேறொருவருடையது. இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் ஆறுவதில்லை.

பிறகு சொந்த மண்ணில் வேளாண்மை செய்து வாழ்ந்து, 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கத் தொடங்கியபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. 2024இல்தான் அவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளிக்கப்பட்டது. அப்போது அவர் மறைந்து ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.