ரிக்கிடோசான்

ரிக்கிடோசான் (நவம்பர் 14, 1924 – டிசம்பர் 15, 1963) யப்பானில் தொழில்முறை மற்போரை வேரூன்றச் செய்த மற்போர் வீரர் ஆவார். இரண்டாம் உலகப் போரில் தோற்ற யப்பானியர், ஆறடிக்கு மேற்பட்ட வெள்ளையரைத் தம்மவர் ஒருவர் வீழ்த்துவதாகக் கண்டு இவரைத் தேசிய வீரராகக் கொண்டாடினர். ஆனால் இவர் பிறப்பால் கொரியர். இவ்வுண்மை இவரது வாழ்நாளில் பொதுமக்களிடமிருந்து மறைக்கப்பட்டே இருந்தது.

இளமையும் சூமோவும்

இவரது இயற்பெயர் கிம் சின்-ராக். இன்று வட கொரியாவில் அடங்கும் தென் ஹம்கியோங் மாகாணத்தில் பிறந்தார். கொரியா அப்போது யப்பானின் ஆட்சியில் இருந்தது. யப்பானுக்கு வந்து நிஷோனோசெக்கி என்னும் சூமோ பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, 1940 இல் களமிறங்கினார். ரிக்கிடோசான் என்பது சூமோவில் இவருக்குச் சூட்டப்பட்ட பெயர். பின்னர் நாகசாக்கி மாகாணத்தைச் சேர்ந்த மொமோத்தா குடும்பத்தின் பெயரையும் ஏற்று, அவ்வூராராகவே அறியப்பட்டார்.

சூமோவில் மூன்றாவது உயர்நிலையான செக்கிவாக்கே வரை முன்னேறிய இவர், 1950 இல் தமது குடுமியைத் தாமே அறுத்துக்கொண்டு விலகினார். கூடத் தலைவருடன் ஏற்பட்ட பணப் பிணக்கும், கொரியர் என்பதால் எதிர்கொண்ட பாகுபாடும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 1951 இல் அமெரிக்க மற்போர் வீரர் பாபி பிரன்சுடன் மோதித் தொழில்முறை மற்போரில் நுழைந்தார். 1952 இல் ஹவாய் சென்று பயின்று திரும்பி, 1953 இல் யப்பான் மற்போர்ச் சங்கத்தை நிறுவினார்.

ஷார்ப் சகோதரர்களுடனான போட்டி

1954 பெப்ரவரி 19 அன்று தோக்கியோவின் குராமே அரங்கில் ரிக்கிடோசானும் யூடோ வீரர் கிமுரா மசாகிக்கோவும் இணைந்து, பென் ஷார்ப், மைக் ஷார்ப் சகோதரர்களை எதிர்கொண்டனர். யப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. சாதாரணக் குடும்பம் தொலைக்காட்சிப் பெட்டி வாங்க இயலாத காலம் அது. ஆகவே ஒளிபரப்பு நிறுவனம் தெருமுனைகளில் பெட்டிகளை வைத்திருந்தது. ஷிம்பாஷி தொடருந்து நிலையச் சதுக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர் என்பர்.

தொழில்முறை மற்போரில் முடிவுகள் பொதுவாக முன்கூட்டியே பேசி வைக்கப்படுபவை. அடியும் வலியும் மெய்யாயினும் கதை அமைக்கப்பட்டதே. இப்போட்டியின் கதை எளிமையானது. அயலவர் விதிமீறித் துன்புறுத்துவர். கிமுரா அடிபட்டுத் தளர்வார். கருப்பு நீள்காற்சட்டை அணிந்த ரிக்கிடோசான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இறுதியில் விறைத்த உள்ளங்கையின் ஓரத்தால் எதிரியின் மார்பில் வெட்டுவதுபோல் அடிப்பார். கராத்தே வெட்டு எனப்பட்ட இவ்வடிக்காகவே கூட்டம் காத்திருந்தது. அமெரிக்கர் எனக் கருதப்பட்ட ஷார்ப் சகோதரர்கள் உண்மையில் கனடியர். யப்பானிய வீரர் கொரியர், அமெரிக்க எதிரிகள் கனடியர் என்றிருந்தும், பார்த்தோர் உணர்ச்சியில் பொய்யில்லை.

கிமுராவுடன் மோதல்

இருவரின் கூட்டும் நீடிக்கவில்லை. தாம் எப்போதும் தோற்கும் துணைவராகவே நிறுத்தப்படுவதைக் கிமுரா வெறுத்தார். 1954 டிசம்பர் 22 அன்று இருவரும் மோதினர். போட்டி சமநிலையில் முடிய வேண்டும் என்ற உடன்பாடு இருந்ததாகக் கிமுரா பின்னாளில் கூறினார். ஆனால் ரிக்கிடோசான் இடையில் உண்மையாகவே தாக்கத் தொடங்கி, குருதி வழியக் கிமுராவை வீழ்த்தினார். இச்செயல் இவரது புகழில் நீங்காத கறையாகும்.

உச்சம்

1957 இல் உலக வாகையர் லூ தெஸ்சுடன் 60 நிமிடம் மோதிச் சமன் செய்தார். பின்னர் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆதரவில் வெள்ளிக்கிழமை இரவுகளில் மற்போர் ஒளிபரப்பானது. போட்டிகளுக்கு நடுவே மேடையை அந்நிறுவனத்தின் தூசு உறிஞ்சியால் துப்புரவு செய்ததே விளம்பரமாயிற்று.

1963 மே 24 அன்று முகமூடி வீரர் டெஸ்ட்ராயருடன் (டிக் பேயர்) நடந்த போட்டி 64 விழுக்காடு பார்வையாளரைப் பெற்றது. எதிரியின் கால்களை 4 என்னும் எண்போல் பின்னிப் பூட்டுவது டெஸ்ட்ராயரின் உத்தி. ரிக்கிடோசான் அதற்கு அடங்கவில்லை. பூட்டிய கால்களைப் பிரிக்க இயலாமல் இருவரும் கிடக்க, போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கராத்தே வெட்டுக்கு விடை கிடைக்காத இம்முடிவே அப்போட்டியை நினைவில் நிறுத்துகிறது.

மறைவும் பின்னரும்

1963 சனவரியில் இவர் தென் கொரியாவுக்குச் சென்று வந்தார். யப்பானில் அதைப் பெரிதாக வெளிப்படுத்தவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று தோக்கியோவின் அக்காசாக்கா இரவு விடுதியில் யாக்குசா கும்பலைச் சேர்ந்த ஒருவரோடு ஏற்பட்ட சச்சரவில் வயிற்றில் குத்தப்பட்டார். ஒரு வாரத்தின் பின், இரண்டாவது அறுவை சிகிச்சை செய்யப்பட்ட நாளிலேயே, 39 ஆவது வயதில் காலமானார்.

1960 இல் ஒரே நாளில் அறிமுகமான இவரது மாணவர்கள் ஜயண்ட் பாபாவும் அந்தோனியோ இனோக்கியும் 1972 இல் தனித்தனியே மற்போர் அமைப்புகளை நிறுவினர். இனோக்கி 1995 இல் வட கொரியத் தலைநகர் பியொங்யாங்கில் மாபெரும் மற்போர் விழா ஒன்றை நடத்தினார். ரிக்கிடோசானின் கல்லறை தோக்கியோவின் இக்கேகாமி ஹொன்மோன்ஜி கோயிலில் உள்ளது.