இரண்டு பவுண்டு அபராதம்

கரிம வேதியியல் படித்த எவருக்கும் பென்சீன் வளையம் நினைவிருக்கும். ஆறு கார்பன் அணுக்கள் அறுகோணமாக இணைந்த அந்த நிறைவுறா ஹைட்ரோகார்பன், சாயம், மருந்து, நெகிழி எனப் பல பொருள்களுக்கு அடித்தளம். 1865-இல் அதன் வடிவத்தை முன்மொழிந்த கெகுலேயைப் பலர் அறிவர். அதை அளந்து காட்டிய கேத்லீன் லான்ஸ்டேலையும் மாணவர்கள் அறிய வேண்டும் என்பேன்.

அயர்லாந்தின் நியூபிரிட்ஜில் 1903-இல், பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அவர். குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் கற்பிக்கப்படாததால், ஆண்கள் பள்ளிக்குச் சென்று அவற்றைப் பயின்றார். பின்னர் வில்லியம் பிராக்கின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

கெகுலேயின் அமைப்பில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். இரட்டைப் பிணைப்பு நீளத்தில் குறைந்தது. எனவே அறுகோணத்தின் பக்கங்கள் சமமாக இருக்க இயலாது. வளையம் தட்டையானதா, மடங்கியதா என்ற ஐயமும் நீடித்தது. லீட்ஸ் நகரில் லான்ஸ்டேல், ஹெக்சாமெத்தில்பென்சீன் படிகத்தில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறிய விதத்திலிருந்து அணுக்களின் இடங்களைக் கணக்கிட்டார். கணினி இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. 1929-இல் விடை வெளியானது: வளையம் தட்டையானது, ஆறு பக்கங்களும் சமம். இரட்டைப் பிணைப்புக்குரிய எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நில்லாமல் வளையம் முழுவதற்கும் பொதுவாக இருப்பதே காரணம்.

இத்துடன் நின்றிருந்தால், அவரை அறிஞராக மட்டுமே மதித்திருப்பேன். 1935-இல் கணவருடன் குவேக்கர் சமயக் குழுவில் இணைந்த அவர், போரை எவ்வடிவிலும் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது குடிமைப் பாதுகாப்புப் பணிக்குப் பெயரைப் பதிவுசெய்ய மறுத்தார். சிறு குழந்தைகளின் தாய் என்பதால், பதிவுசெய்திருந்தால் விலக்குக் கிடைத்திருக்கும். அந்த வசதியை அவர் நாடவில்லை. இரண்டு பவுண்டு அபராதத்தையும் செலுத்த மறுத்து, 1943-இல் லண்டன் ஹாலோவே சிறையில் ஒரு மாதம் கழித்தார். விடுதலைக்குப் பின் சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்தார்.

ஹிட்லரை எதிர்த்து நாடே போரிட்ட வேளையில் அம்முடிவு சரியா என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும், தம் கொள்கைக்கான விலையை அவரே செலுத்தினார்.

1945-இல் ராயல் சொசைட்டி முதன்முறையாகப் பெண்களை உறுப்பினராக்கியது. தேர்வான இருவரில் லான்ஸ்டேலும் ஒருவர். பெண்களுக்குக் கதவு திறக்க ஏறத்தாழ 285 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட அமைப்புதான் அது. எனினும், இரண்டாண்டுகளுக்கு முன் சிறை சென்றவர் என்பதை அது தடையாகக் கொள்ளவில்லை. 1971-இல் அவர் மறைந்தார். அரசுடன் முரண்பட்ட ஓர் அறிஞரின் தகுதியை அவரது ஆய்வைக் கொண்டே எடைபோடும் அந்தப் பண்பு, எந்நாட்டின் அறிவுலகுக்கும் இன்றியமையாதது.