இனப்படுகொலைச் சட்டம் தந்த அகதி: ரபாயெல் லெம்கின்



இனப்படுகொலை என்ற சொல்லை எங்கட வீடுகளில் சின்னப் பிள்ளையும் அறியும். ஆங்கிலத்தில் ஜெனோசைட் என்கிறார்கள். அந்தச் சொல்லை ஆக்கி, அதை உலகச் சட்டமாகவும் ஆக்கினவர் எங்களைப் போல ஓர் அகதி. பேர்லேண்டிலும் ஹூஸ்ரனிலும் வளருற எங்கட பிள்ளையள் அவருடைய பெயரைத் தெரிஞ்சிருக்க வேணும்.

ரபாயெல் லெம்கின் 1900 யூன் 24 இல் ஒரு யூதக் கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த இடம் வொல்கொவிஸ்க் நகருக்குக் கிட்ட. அப்ப அது ரஷ்யப் பேரரசு, பிறகு போலந்து, இப்ப பெலருஸ்.

அவர் லுவோவ் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், 1921 இல், பேர்லின் தெருவில் ஒரு கொலை நடந்தது. ஆர்மேனிய மக்கள் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டதற்குப் பொறுப்பான துருக்கி அமைச்சர் தலாத் பாஷாவை ஓர் ஆர்மேனிய இளைஞன் சுட்டான். இளைஞனுக்கு வழக்கு நடந்து விடுதலையும் கிடைத்தது. லெம்கினுக்கு ஒரே கேள்விதான்: ஒருவனைக் கொன்றவனுக்கு வழக்கு, ஒரு இனத்தையே கொன்றவன் எப்படிப் பேர்லினில் சுதந்திரமாக உலாவினான்? அரசு தன் குடிமக்களுக்குச் செய்வது அதன் சொந்த விசயம், கோழி வளர்க்கிறவன் தன் கோழியை அறுக்கிற மாதிரி என்று பேராசிரியர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை லெம்கின் சாகும்வரை ஏற்கவில்லை.

வார்சோவில் அரச வழக்கறிஞரான பிறகு, 1933 இல் மட்ரிட் நகரில் நடந்த சட்ட மகாநாட்டுக்கு ஒரு திட்டம் எழுதினார். ஒரு இனத்தை அழிப்பதை எந்த நாட்டிலும் தண்டிக்கக்கூடிய குற்றமாக்க வேணும் என்பதே அது. அரசாங்கம் அவரைப் போக விடவில்லை. திட்டமும் நிறைவேறவில்லை.

1939 இல் ஜேர்மனி போலந்துக்குள் புகுந்தது. லெம்கின் காடுகளுக்குள்ளால் நடந்து தப்பினார். வழியில் தாய் தகப்பனைக் கண்டு தன்னோடு வரக் கேட்டார். அவர்கள் வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார்கள். எங்கட சனத்துக்கு இந்த இடத்தை விளக்கத் தேவையில்லை. அதுதான் அவர் அவர்களைக் கடைசியாகக் கண்டது.

லிதுவேனியா வழியாகச் சுவீடன் போனவர் அங்கே சும்மா இருக்கவில்லை. பிடித்த நாடுகளில் ஜேர்மனியர் வெளியிட்ட கட்டளைகளையும் வர்த்தமானிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். யாருக்கு எவ்வளவு சாப்பாடு, யார் கலியாணம் கட்டலாம், யாருடைய சொத்துப் பறிபோகும் என்பதெல்லாம் அவற்றில் இருந்தது. 1941 இல் ரஷ்யா, யப்பான் சுற்றி அமெரிக்கா வந்து, வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1944 இல் அந்தக் கட்டளைகளை ஆதாரமாக வைத்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். இனம் என்ற கிரேக்கச் சொல்லையும் கொல்லுதல் என்ற லத்தீன் சொல்லையும் சேர்த்து, அதில்தான் ஜெனோசைட் என்று எழுதினார்.

போர் முடிந்து நூரெம்பேர்க்கில் நாசித் தலைவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அரச கட்டளை என்ற சாட்டு அங்கே எடுபடவில்லை. ஆளாளாக விசாரித்துப் பன்னிரண்டு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஆனால் 1946 தீர்ப்பில் லெம்கினின் சொல் இல்லை. போருக்கு முந்திய கொடுமைகளையும் நீதிபதிகள் கணக்கில் எடுக்கவில்லை. தன் உறவினரில் 49 பேர் கொல்லப்பட்டதை அவர் அறிந்ததும் அந்த நாட்களில்தான். தாயும் தகப்பனும் அதில் அடக்கம்.

பிறகு ஐக்கிய நாடுகள் சபையின் வாசலே கதியென்று கிடந்தார். கியூபா, பனாமா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளும் பிரேரணையைக் கொண்டுவந்தன. 1948 டிசம்பர் 9 இல் பாரிசில் இனப்படுகொலை ஒப்பந்தம் நிறைவேறியது. ஆட்சியாளனோ, அதிகாரியோ, சாதாரண ஆளோ, செய்தவன் தண்டிக்கப்பட வேணும் என்பது அதன் நான்காம் பிரிவு. இலங்கை 1950 இல் அதில் சேர்ந்தது.

லெம்கின் யேல் பல்கலைக்கழகத்திலும், 1955 முதல் நியூ ஜேர்சியில் ரட்கேர்ஸ் சட்டக் கல்லூரியிலும் படிப்பித்தார். குடும்பம் இல்லை, காசும் இல்லை. 1959 ஓகஸ்ட் 28 இல் நியூயோர்க்கில் மாரடைப்பால் செத்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு சிலர்தான். அதற்கு முதல் நாள்தான் இந்தியா ஒப்பந்தத்தை உறுதிசெய்தது. அவருக்கு அடைக்கலம் தந்த அமெரிக்கா 1988 இல்தான் உறுதிசெய்தது.

ஒரு சர்வதேச நீதிமன்றம் இந்தக் குற்றத்துக்கு முதன்முதல் ஒருவரைத் தண்டித்தது 1998 செப்ரெம்பரில். தன்சானியாவின் அருஷா நகரில், ருவாண்டாவின் ஒரு சின்ன ஊர் மேயரான அகாயேசு குற்றவாளியானார். சட்டம் பிறந்து ஐம்பது வருசம்! 2002 இல் ஹேக் நகரில் நிரந்தரக் குற்றவியல் நீதிமன்றமும் தொடங்கியது. இலங்கை அதில் சேரவில்லை.

எங்கட சனத்துக்கு நடந்ததை நாங்கள் அந்தப் பெயரால்தான் சொல்லுறம். ஏ.எல். உடன் படிப்பை நிப்பாட்டி மெசினோட நிக்கிற எனக்கும் ஒன்று விளங்குது. நீதிமன்றம் எங்கட கோபத்தைக் கேட்காது. இனத்தை அழிக்கும் நோக்கம் இருந்ததா, கட்டளையிட்டவன் ஆர், எந்தத் திகதி, எந்த இடம் என்றுதான் கேட்கும். 2021 இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றிய சான்றுகளைச் சேர்த்துப் பாதுகாக்க முடிவெடுத்ததும் அதனால்தான். லெம்கின் கடதாசிகளைச் சேர்த்தே வென்றார். எங்கட வீட்டு அலுமாரியில் கிடக்கிற மரண அத்தாட்சிப் பத்திரம், பழைய கடிதம், படம் ஒன்றையும் எறியாதேங்கோ. அம்மம்மா சொல்லுறதைத் திகதியோட எழுதி வையுங்கோ.