இருண்ட அறைகளுக்குள் ஒளியேந்திச் சென்ற செய்தியாளர்

இரவில் எடுக்கப்பட்ட செய்திப்படம் ஒன்று இன்று எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. படப்பிடிப்பாளர்கள் பிளாஷ் கருவியைக் கமராவிலிருந்து கழற்றிக் கையில் உயர்த்திப் பிடித்தோ, சிறியதொரு தாங்கியில் பொருத்தியோ, எந்த இருட்டிலும் தமக்கு வேண்டிய பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சிவிடுகின்றனர். செய்தி ஆசிரியர்களாகிய நாமும் படம் வந்ததா என்று கேட்கின்றோமே தவிர, ஒளி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. எனினும், ஒளியைத் தன்னுடன் எடுத்துக்கொண்டு இருள் உள்ள இடத்துக்கே செல்லும் இவ்வழக்கத்தைப் பத்திரிகைத்துறைக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் தம்மைப் படப்பிடிப்பாளர் என்று ஒருபோதும் கருதியவரல்லர். அவர் நியூயோர்க் நகரின் பொலிஸ் செய்தியாளர். அதற்கு முன்னர் தச்சுத் தொழிலாளி. இடைப்பட்ட சில வருடங்கள் வீடுவாசலற்ற நாடோடி. ஜேக்கப் ரீஸ் என்பது அவரது பெயர்.

டென்மார்க்கின் ரீபே என்னும் பழைய பட்டினத்தில், ஆசிரியர் ஒருவரின் மகனாக 1849 மே 3 ஆம் திகதி ரீஸ் பிறந்தார். தந்தையார் உள்ளூர்ப் பத்திரிகையொன்றுக்கும் எழுதிவந்தவர். மகன் படித்து முன்னேற வேண்டுமென அவர் விரும்பினார்; மகனோ தச்சுவேலையைத் தெரிவுசெய்தார். எலிசபெத் என்னும் செல்வந்தர் வீட்டுப் பெண்ணை விரும்பி, மறுப்பைப் பெற்ற நிலையில், 1870 ஆம் ஆண்டில் கப்பலேறினார். நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த நாற்பது டொலரில் பாதியை நியூயோர்க்கில் இறங்கியவுடன் ஒரு கைத்துப்பாக்கி வாங்குவதில் செலவிட்டமை அவரது அப்போதைய அறியாமைக்குச் சான்றாகும். அமெரிக்கா என்றால் காட்டெருமைகளும் கொள்ளையரும் நிறைந்த நாடு என்பதே அவர் கொண்டிருந்த எண்ணம்.

அந்நாடு அவருக்குக் காட்டியது வேறொரு முகத்தை. வேலையின்றி, உணவின்றி, வாசற்படிகளில் படுத்துறங்கிய அவர், மழை கொட்டிய ஓரிரவில் சேர்ச் வீதிப் பொலிஸ் நிலையத்தின் கீழிருந்த இலவசத் தங்குமிடத்தில் ஒதுங்கினார். அன்றிரவு, எலிசபெத்தின் கூந்தலிழையை வைத்து அவர் கழுத்தில் அணிந்திருந்த தங்கப் பதக்கம் களவு போயிற்று. முறையிடச் சென்றவரையே திருடன் என ஏசி வெளியே தள்ளினர். வாசலில் காத்திருந்த, அவருடன் ஒட்டிக்கொண்டிருந்த தெருநாய் எசமானுக்காகப் பாய்ந்து பொலிஸ்காரரைக் கடித்தது. பொலிஸ்காரர் அதனைக் கற்படியில் அடித்துக் கொன்றார். இச்சம்பவத்தை ரீஸ் தமது சுயசரிதையில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். முப்பது வருடங்கள் கழிந்த பின்னரும் அவ்வெழுத்தில் கோபம் தணிந்திருக்கவில்லை என்பதே எமது வாசிப்பு.

நிலக்கரி, செங்கல், பண்ணைவேலை, வீடுவீடாக விற்பனை எனப் பல தொழில்களைச் செய்து, 1873 இல் செய்தி நிறுவனமொன்றில் இடம்பிடித்த அவர், 1876 இல் ஊர் திரும்பி, மனம் மாறியிருந்த அதே எலிசபெத்தை மணந்தார். 1877 இல் நியூயோர்க் ட்ரிபியூன் பத்திரிகை அவரைப் பொலிஸ் செய்தியாளராக நியமித்தது. மல்பெரி வீதியில், பொலிஸ் தலைமையகத்துக்கு எதிரே அவரது அலுவலகம் அமைந்திருந்தது. சில நிமிட நடைதூரத்தில் மல்பெரி பெண்ட் என்னும் சேரிப்புறம்.

வேலை முடிந்து அதிகாலையில் வீடு திரும்புகையில் ரீஸ் அவ்வழியாகவே நடந்தார். ஜன்னலில்லா உள்ளறைகளில் குடும்பங்கள் ஒன்றன்மேலொன்றாகக் கிடந்தன. பேயார்ட் வீதியின் தொடர்மாடி வீடொன்றில், எப்பக்கம் அளந்தாலும் பதின்மூன்று அடி வராத அறையில், ஆணும் பெண்ணுமாகப் பன்னிருவர் உறங்கினர். ஓரிடத்துக்கு ஐந்து சதம் வாடகை. ரீஸ் இவற்றை எழுதினார்; சுகாதாரத் திணைக்களத்திடம் முறையிட்டார். படித்தவர்கள் பரிதாபப்பட்டனர், பின்னர் மறந்தனர். சொற்கள் போதவில்லை என்பதை இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் ஏதோவொரு கட்டத்தில் உணர்வதுண்டு. புகைப்படம் எடுக்கலாமென்றால், அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு அந்த அறைகளின் இருளில் எதுவுமே பதியாது. மக்னீசியம் நாடாவை எரித்து ஒளி பெறும் முறை 1860 களிலேயே அறியப்பட்டிருந்தது. ஆனால் அது மெதுவாக எரிந்து புகையைக் கக்கியது; மனிதர்கள் அவ்வளவு நேரம் அசையாதிருக்க வேண்டியிருந்தது.

1887 ஆம் ஆண்டின் ஒரு காலைவேளை. உணவு மேசையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ரீஸ், எதிரே இருந்த மனைவி திடுக்கிடும்படி குரலெழுப்பினார். ஜேர்மனியில் புதியதொரு ஒளித்தூள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளதாகச் சில வரிச் செய்தியொன்று அதில் இருந்தது. அடோல்ப் மீத்தே, ஜொஹானஸ் கேடிக்கே ஆகிய இருவரும் மக்னீசியத் தூளுடன் பொட்டாசியம் குளோரேட்டையும் அன்ரிமனி சல்பைட்டையும் கலந்து உருவாக்கிய அத்தூள், தீப்பட்டதும் ஒரு கணத்தில் பெருவெளிச்சமாக வெடித்து அடங்கியது. உலகெங்கும் எத்தனையோ பேர் இச்செய்தியைப் படித்திருப்பர். அதனைச் சேரிப்புறத்து உள்ளறைகளுடன் உடனே இணைத்துப் பார்த்ததே ரீஸின் சிறப்பு.

நகரச் சுகாதாரத் திணைக்களத்தில் புள்ளிவிபரப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் ஜோன் நேகல் ஓர் ஆர்வமிக்க படப்பிடிப்பாளர். அவரும் ஹென்றி பிபார்ட், ரிச்சர்ட் ஹோ லோரன்ஸ் என்னும் வேறு இருவரும் ரீஸுடன் இணைந்தனர். ஓரிரு பொலிஸ்காரர் உடன்வர, நள்ளிரவுக்குப் பின்னர் இக்குழு புறப்படும். கமராவை முக்காலியில் நிறுத்தி, வில்லையின் மூடியை இருட்டிலேயே திறந்துவைத்து, சற்று எட்டி நின்று ஒளியை வெடிக்கச் செய்து, பின்னர் மூடியை மூடிவிட வேண்டும். தொடக்கத்தில் இத்தூளைத் தோட்டாக்களில் அடைத்துக் கைத்துப்பாக்கியால் சுட்டனர். நள்ளிரவில் துப்பாக்கியுடன் அந்நியர் சிலர் அறைக்குள் நுழைவதைக் கண்ட மக்கள் ஜன்னல் வழியாகத் தப்பியோடியதில் வியப்பில்லை. எனவே ரீஸ் துப்பாக்கியைக் கைவிட்டு, கைப்பிடியுள்ள பொரிக்கும் தாச்சியொன்றில் தூளைப் பரப்பிக் கொளுத்தும் முறைக்கு மாறினார். சமையலறைப் பாத்திரம் அவருக்குச் சற்று நல்லெண்ணத்தைத் தேடித் தந்திருக்கக்கூடும். தூளோ அதே ஆபத்தான தூள்தான்.

இவ்வேலையின்போது இருமுறை வீடுகளுக்கும் ஒருமுறை தமக்கும் தீவைத்துக்கொண்டதாக அவரே ஒப்புக்கொள்கின்றார். ஒருமுறை மூக்குக்கண்ணாடி இருந்தமையால் மட்டுமே கண்கள் தப்பின. பார்வையற்றோர் பலர் தங்கியிருந்த அறையொன்றில் படமெடுத்தபோது சுவரில் தொங்கிய கந்தல்களிலும் கடதாசிகளிலும் தீப்பற்றியது. ஐந்து பார்வையற்றோரும், அவருடன் பத்துப் பன்னிரண்டு படிக்கட்டுகளுக்குக் கீழே தெருவும். பெரும் சிரமத்துடன் தீயை அணைத்துவிட்டு, நடுக்கத்துடன் கீழிறங்கிப் பொலிஸ்காரரிடம் கூறியபோது அவர் சிரித்தாராம். அந்தக் கட்டிடம் முந்திய பனிக்காலத்தில் பலமுறை தீப்பற்றியும், அழுக்கு மிகுதியால் எரியவில்லை என்பதே அவரது விளக்கம்.

நள்ளிரவுப் பயணங்கள் நண்பர்களுக்கு விரைவில் அலுத்துவிட்டன. கூலிக்கு அமர்த்திய படப்பிடிப்பாளரோ தகடுகளை மறைவாக விற்க முயன்றார். இறுதியில் இருபத்தைந்து டொலர் செலவில் ரீஸ் தாமே ஒரு கமராப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அநாதைப் பிணங்கள் புதைக்கப்படும் ஹார்ட் தீவிலேயே முதற்பயிற்சி. அப்படம் ஏறத்தாழக் கறுத்தே வெளிவந்தது. அக்கறுப்பு காட்சிக்குப் பொருந்தியதாக அவர் ஆறுதலடைந்தார்.

1888 ஜனவரியில் இப்படங்களை ஒளிவிளக்கின் உதவியால் திரையில் காட்டிச் சொற்பொழிவாற்றத் தொடங்கினார். பெப்ரவரி 12 ஆம் திகதி நியூயோர்க் சன் பத்திரிகையில் அவை கோட்டோவியங்களாக இடம்பெற்றன. புகைப்படத்தை அவ்வாறே நாளிதழில் அச்சிடும் வசதி அன்று பரவியிருக்கவில்லை. 1890 இல், நகரின் மறுபாதியினர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை விளக்கும் அவரது நூல் வெளியாகிற்று. அதில் சில பக்கங்களில் புகைப்படங்களே அச்சாகியிருந்தன. அவற்றை வெறும் கற்பனை எனத் தள்ளிவிட எவராலும் இயலவில்லை.

நூலைப் படித்துவிட்டு ரீஸின் அலுவலகத்துக்கு வந்து, அவர் இல்லாதபோது, உதவ வந்திருப்பதாக எழுதிய அட்டையொன்றை விட்டுச் சென்றவர் தியோடர் ரூஸ்வெல்ட். 1895 இல் பொலிஸ் ஆணையாளர் சபையின் தலைவரானதும் ரூஸ்வெல்ட் ரீஸுடன் இரவுகளில் நகர்வலம் வந்தார். ஒருநாள் இருவரும் சேர்ச் வீதிப் பொலிஸ் நிலையத்தில் நின்றனர். பதக்கமும் நாயும் பற்றிய கதையை ரீஸ் அங்கேயே சொன்னார். 1896 பெப்ரவரியில் பொலிஸ் தங்குமிடங்கள் மூடப்பட்டன.

மல்பெரி பெண்ட் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 1897 இல் பூங்கா திறக்கப்பட்டது. பூங்கா திறக்கப்படுமுன் புல்லில் கால்வைத்த ரீஸைக் காவலர் ஒருவர் பிரம்பால் அடித்து விரட்டினார். திறப்பு விழாவுக்கோ அவருக்கு அழைப்பு அனுப்பப்படவில்லை. எனினும் கூட்டத்தில் ஒருவராக நின்ற அவருக்காக விழாவில் வாழ்த்தொலி எழுப்பப்பட்டது. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தோர் எங்கே சென்றனர் என்ற வினாவை அவ்விழாவில் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. சேரியை அகற்றுவது வேறு, சேரியில் வாழ்ந்தோருக்கு வீடு கொடுப்பது வேறு. இவ்வேறுபாட்டை ரீஸ் போதியளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே நாம் கருதுகின்றோம். ஆயினும் உள்ளறைகளுக்கு ஜன்னலும் காற்றும் வேண்டுமெனக் கட்டாயப்படுத்திய 1901 ஆம் ஆண்டின் நியூயோர்க் தொடர்மாடிக் குடியிருப்புச் சட்டத்துக்கு வழிசமைத்தவர்களுள் அவருக்கும் இடமுண்டு.

அவரது நூலை இன்று வாசிக்கும்போது முகஞ்சுளிக்க வைக்கும் பகுதிகள் உள்ளன. இத்தாலியர், யூதர், சீனர் என இனவாரியாக மக்களைப் பிரித்து, இன்னாரின் இயல்பு இன்னதென்று தீர்ப்பளிக்கின்றார். சீனர்கள் மீது அவர் கொண்ட வெறுப்பு வெளிப்படையானது. தாமே புலம்பெயர்ந்து வந்து பட்டினி கிடந்தவர் இவ்வாறு எழுதியமை வியப்புக்குரியது. ஓர் இனத்தின் மீது பொதுவாகச் சூட்டப்படும் பெயர் தனிமனிதரை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதைவிட அடிப்படையான குறையொன்றும் உண்டு. உறங்கிக்கொண்டிருந்தோரின் அனுமதி கேட்கப்படவில்லை. இருளே அவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே மறைப்பு. அதனையும் வெடிக்கும் ஒளி பறித்தது. அப்படங்கள் இன்றி ஜன்னல்கள் வந்திருக்குமா என்று கேட்டால், வெகுகாலம் தாமதமாகியிருக்கும் என்பதே எமது பதில். ஆனால் அந்தப் பதில் அவர்களது சம்மதத்துக்கு ஈடாகாது.

1905 இல் எலிசபெத் காலமானார். ரீஸ் இரண்டு வருடங்களின் பின் மறுமணம் செய்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாரே என்னும் ஊரிலிருந்த பண்ணையில் 1914 மே 26 ஆம் திகதி மறைந்தார். இதயநோய் இருந்தும் சொற்பொழிவுப் பயணங்களை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. 1930 ஆம் ஆண்டளவில் பிளாஷ் பல்புகள் விற்பனைக்கு வந்ததோடு தூளின் காலம் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் மின்னணுப் பிளாஷ் கருவிகள் வந்தன. ரீஸின் பெயரைச் சீர்திருத்தவாதியென நினைவுகூர்ந்தோர் அவரது படங்களை மறந்துவிட்டனர். 1940 களில் அலெக்சாண்டர் ஆலண்ட் என்னும் படப்பிடிப்பாளர் விடாது தேடியதன் பயனாக, குடும்பத்தின் பழைய வீட்டிலிருந்து கண்ணாடித் தகடுகள் மீட்கப்பட்டு நியூயோர்க் நகர அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. 1947 இல் அங்கு அவற்றின் கண்காட்சி நடைபெற்றது. பேயார்ட் வீதி அறையில் பாதி விழித்த கண்களுடன் ஒளியை நோக்கும் அம்மனிதர்களின் பெயர்களை ரீஸ் எழுதி வைத்திருக்கவில்லை. வாடகை ஐந்து சதம் என்பதை மட்டும் குறித்து வைத்திருந்தார்.