ஹரோல்ட் எட்வர்ட் பால்மர்

ஹரோல்ட் எட்வர்ட் பால்மர் (மார்ச் 6, 1877 – நவம்பர் 16, 1949) இங்கிலாந்தைச் சேர்ந்த ஒலிப்பியலாளரும் மொழி கற்பித்தல் அறிஞரும் ஆவார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு அம்மொழியைக் கற்பிப்பதைத் தனியொரு துறையாக வளர்த்தெடுத்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். வாய்மொழி முறை எனப்படும் கற்பித்தல் முறையுடனேயே இவரது பெயர் பெரிதும் இணைத்துப் பேசப்படுகிறது. எனினும், எல்லா மாணவருக்கும் பொருந்தும் ஒரே முறை என ஒன்று இல்லை என்பதும், கற்போரின் தேவையை அறிந்து பாடத்தைப் படிப்படியாகத் திட்டமிட வேண்டும் என்பதும் இவரது எழுத்துகளின் அடிப்படைக் கருத்துகளாகும். 1922 முதல் 1936 வரை யப்பானில் பணியாற்றியபோது, இக்கருத்துக்கு ஏற்பத் தமது திட்டத்தையே இவர் மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

இளமைக் காலம்

பால்மர் இலண்டனில் பிறந்தார். ஆசிரியராக இருந்த இவரது தந்தை, பின்னர் கென்ட் பகுதியிலுள்ள ஹைத் என்னும் கடற்கரை ஊரில் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றை நடத்தினார். பால்மர் பள்ளியில் பயின்றது சிறிது காலமே. கல்வியின் பெரும்பகுதியைத் தந்தையிடமே பெற்றார். இளமையில் சில காலம் பிரான்சில் தங்கிப் பிரெஞ்சு மொழியைக் கற்றார். பின்னர்த் தந்தையின் செய்தித்தாளில் பணியாற்றினார். இவர் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பயின்றவர் அல்லர். மொழி கற்பித்தல் பற்றிய இவரது அறிவு பெரும்பாலும் வகுப்பறை அனுபவத்திலிருந்தும் சொந்த முயற்சியிலிருந்தும் கிடைத்ததாகும்.

பெல்ஜியத்தில் ஆசிரியப் பணி

1902 இல் பால்மர் பெல்ஜியத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள வெர்வியே நகருக்குச் சென்று ஆங்கில ஆசிரியரானார். இவர் முதலில் பணியாற்றிய பள்ளியில் பெர்லிட்ஸ் பள்ளிகளின் நேரடி முறை பின்பற்றப்பட்டது. இம்முறையில் ஆசிரியர் மாணவரின் தாய்மொழியைப் பயன்படுத்தக் கூடாது. கற்பிக்கப்படும் மொழியிலேயே பொருள்களைக் காட்டியும் வினாக்களைக் கேட்டும் பாடம் நடத்த வேண்டும். சிறிது காலத்தில் பால்மர் அதே நகரில் சொந்தப் பள்ளியைத் தொடங்கிப் பல்வேறு முறைகளை மாணவரிடம் சோதித்துப் பார்த்தார். அனைத்துலக ஒலிப்பியல் கழகத்தில் இணைந்து, ஒலிப்பியலாளர் டானியல் ஜோன்சுடன் தொடர்பு கொண்டார்.

இக்காலத்தில், நேரடி முறையின் சில விதிகள் தேவையற்ற கட்டுப்பாடுகள் என்ற முடிவுக்கு இவர் வந்தார். ஒரு சொல்லின் பொருளைப் பொருளைச் சுட்டிக் காட்டியோ, மொழிபெயர்த்தோ, வரையறை கூறியோ, சூழலில் வைத்தோ உணர்த்தலாம் என்றும், எது எளிதில் விளங்குமோ அதை ஆசிரியர் தேர்ந்தெடுக்கலாம் என்றும் பின்னர் எழுதினார்.

1914 ஆகஸ்டில் செருமானியப் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தன. எல்லையை அடுத்திருந்த வெர்வியே முதல் நாட்களிலேயே அவற்றின் வசமாயிற்று. பால்மர் உடைமைகளையும் பள்ளியையும் விட்டு, மனைவியுடனும் மகளுடனும் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார்.

இலண்டனில்

1915 இல் டானியல் ஜோன்சின் அழைப்பின் பேரில் பால்மர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மொழி கற்பித்தல் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அடுத்த ஆண்டு அங்கு ஒலிப்பியல் துறையில் இணைந்தார். 1917 முதல் 1922 வரையான காலத்திலேயே இவரது முதன்மையான நூல்கள் பலவும் வெளிவந்தன.

1917 இல் வெளியான மொழிகளின் அறிவியல் வழி ஆய்வும் கற்பித்தலும் பற்றிய நூலில், பாடத்திட்டம் வகுக்கும் முன் சில வினாக்களுக்கு விடை காண வேண்டும் என இவர் விளக்கினார். கற்பவர் யார், எதற்காகக் கற்கிறார், எவ்வளவு காலம் கற்க முடியும், அவருக்குத் தேவைப்படுவது பேச்சா, வாசிப்பா, எழுத்தா என்பன அவற்றுள் அடங்கும். இவ்விடைகள் மாறினால் திட்டமும் மாற வேண்டும் என்பது இவரது வாதமாகும்.

கற்பித்தல் கொள்கைகள்

1921 இல் வெளியான மொழி கற்றலின் கொள்கைகள் என்ற நூலில் பால்மர் ஒன்பது கொள்கைகளை முன்வைத்தார்.

1. தொடக்க ஆயத்தம்: கூர்ந்து கேட்கவும் கேட்டதைப் பின்பற்றி ஒலிக்கவும் மாணவரை முதலில் பழக்குதல்.
2. பழக்கம் உருவாக்கல்: விதியை எண்ணிப் பார்க்காமலேயே பேசும் அளவுக்குப் பயிற்சி அளித்தல்.
3. பிழையின்மை: பிழை செய்யும் வாய்ப்பு குறைவாக இருக்குமாறு பயிற்சியை அமைத்தல்.
4. படிநிலை: அறிந்ததிலிருந்து அறியாததற்குச் சிறு சிறு படிகளாகச் செல்லுதல்.
5. சமநிலை: கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் ஆகிய எதையும் புறக்கணிக்காதிருத்தல்.
6. கண்கூடான தன்மை: விதியைக் கூறுவதைவிட எடுத்துக்காட்டுகளை மிகுதியாகத் தருதல்.
7. ஆர்வம்: மாணவர் சலிப்படையாமலும் குழப்பமடையாமலும் பார்த்துக்கொள்ளுதல்.
8. முன்னேற்ற வரிசை: எதை முன்னும் எதைப் பின்னும் கற்பிப்பது என முடிவு செய்தல்.
9. பல்வழி அணுகுமுறை: ஒரே இலக்கை அடையப் பல முறைகளையும் பயன்படுத்துதல்.

இவற்றுள் ஒன்பதாவது கொள்கை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. முரண்பட்டவையாகக் கருதப்பட்ட மொழிபெயர்ப்பு, நேரடிப் பேச்சு, மனப்பாடம், தன்னியல்பான உரையாடல் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் ஏற்று மற்றவற்றை விலக்குவது தேவையில்லை என இவர் கருதினார். ஆனால் இது எல்லாவற்றையும் கலந்து தரும் போக்கு அன்று. ஒவ்வொன்றும் பாடத்தில் எந்த இடத்தில் என்ன பயனைத் தரும் என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

வாய்மொழி வகுப்பு

பால்மரின் வகுப்பில் தொடக்க மாணவர் உடனே பேச வேண்டியதில்லை. எழுந்திரு, கதவருகே செல், கதவைத் திற என ஆசிரியர் ஆங்கிலத்தில் கட்டளைகள் இடுவார். மாணவர் அவற்றைச் செய்து காட்டுவார். இதனால் பேசத் தெரியாத மாணவரும் முதல் நாளிலேயே மொழியைப் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார். தம் மகள் டோரத்தேயுடன் இணைந்து 1925 இல் வெளியிட்ட நூலில் இப்பயிற்சிகளை இவர் விரிவாகத் தொகுத்தார்.

அடுத்த நிலையில் வினாவிடைப் பயிற்சி இடம்பெறும். வினாக்களும் எளிமையிலிருந்து கடினத்துக்குச் செல்லும். இது நூலா எனக் கேட்டால் ஆம் அல்லது இல்லை என்பதே போதும். இது நூலா, பேனாவா எனக் கேட்டால் விடைக்கான சொல் வினாவிலேயே இருக்கும். இது என்ன எனக் கேட்டால் மாணவர் சொல்லை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே பொருளைப் பற்றி இவ்வரிசையில் வினவுவதன் மூலம், பின்தங்கிய மாணவரையும் விடை கூறச் செய்யலாம்.

பதிலீட்டு அட்டவணையும் இவர் பெரிதும் பயன்படுத்திய கருவியாகும். ஒரு வாக்கியத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நிரல் அமைத்து, அதில் அவ்விடத்தில் வரக்கூடிய சொற்களை எழுதுவர். நான்கு நிரல்களில் ஐந்து ஐந்து சொற்கள் இருந்தால், 20 சொற்களைக் கொண்டு 625 வாக்கியங்களை மாணவர் உருவாக்கலாம். இலக்கண விதியைக் கூறாமலேயே வாக்கிய அமைப்பு மனத்தில் பதிகிறது.

யப்பானில்

யப்பானின் கல்வித் துறையில் முன்னர்ப் பணியாற்றிய சவயனாகி மசதாரோ இலண்டனில் பால்மரைச் சந்தித்து, யப்பானுக்கு அழைத்தார். தொழிலதிபர் மத்சுகாட்டா கோஜிரோ இதற்கான நிதியை வழங்கினார். 1922 மார்ச்சில் டோக்கியோ வந்த பால்மர், கல்வி அமைச்சின் மொழியியல் ஆலோசகராகப் பொறுப்பேற்றார். 1923 மே மாதத்தில் ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டு, இவர் அதன் இயக்குநரானார். அதே ஆண்டு செப்டெம்பர் 1 அன்று பெருநிலநடுக்கம் டோக்கியோவைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. எனினும் நிறுவனத்தின் பணி தொடர்ந்தது. 1924 முதல் ஆண்டுதோறும் ஆசிரியர் மாநாடு நடத்தப்பட்டது.

யப்பானிய நடுநிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் முதன்மையாக மொழிபெயர்ப்புப் பாடமாகவே நடத்தப்பட்டு வந்தது. உயர்கல்விக்கான நுழைவுத் தேர்வுகள் மொழிபெயர்ப்புத் திறனையே சோதித்தன. வகுப்புகள் பெரியவை. ஆசிரியர்கள் பலர் ஆங்கில நூல்களை நன்கு வாசிக்கக் கூடியவர்களாயினும் ஆங்கிலத்தில் பேசிப் பழகாதவர்கள். வாய்மொழி முறை, மிகுதியாகப் பேசவேண்டிய பொறுப்பை இவ்வாசிரியர்கள் மீதே சுமத்தியது. தேர்வில் கேட்கப்படாத ஒன்றுக்கு வகுப்பு நேரத்தைச் செலவிடுவதும் அவர்களுக்கு இடராக இருந்தது. எனவே தொடக்கத்தில் பால்மரின் திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை.

இதனை ஆசிரியரின் குறையாக மட்டும் காணாமல், திட்டத்தில் செய்ய வேண்டிய மாற்றமாகவும் பால்மர் கொண்டார். ஆசிரியர் கையில் வைத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்தப் பயிற்சிகளையும் படிநிலை வாசிப்பு நூல்களையும் எழுதினார். மாதிரி வகுப்புகள் நடத்தப்பட்டன. முதலில் பேச்சையே பெரிதும் வலியுறுத்திய இவர், வாசிப்புக்கு உரிய இடத்தை ஆராய்ந்து, இலக்கியப் பகுதிகளைத் தரப்படுத்தி எளிமையாக்குவது பற்றி 1932 இல் நூல் வெளியிட்டார். 1930களில் புகுசிமா நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர்கள் வாய்மொழிப் பயிற்சியைப் பாடநூல் வாசிப்புடன் இணைத்துத் தம் பள்ளிக்கு ஏற்ற திட்டம் ஒன்றை உருவாக்கினர். உள்ளூர் ஆசிரியர்களே மாற்றியமைத்த இத்திட்டம், யப்பானில் பால்மரின் பணிக்குக் கிடைத்த சிறந்த விளைவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

சொற்றொகுதி ஆய்வு

எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்ற வினாவைப் பால்மர் 1920களின் பிற்பகுதியிலிருந்து முறையாக ஆராய்ந்தார். நூல்களில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு மட்டும் போதாது என்பது இவரது நிலைப்பாடாகும். சுண்ணக்கட்டி போன்ற சொற்கள் நூல்களில் அருகியே வரலாம். ஆனால் வகுப்பறையில் அவை முதல் நாளே தேவைப்படும். 1930 இல் இவரது சொற்றெரிவு அறிக்கை வெளியானது. 1933 இல் வெளியான அறிக்கை, சேர்ந்து வந்து தனிப்பொருள் தரும் சொல்லிணைவுகளைத் தொகுத்தது. எடுத்துக்காட்டாக, கொடு, மேலே என்னும் பொருளுடைய இரு சொற்கள் கிவ் அப் எனச் சேரும்போது கைவிடு என்ற பொருளைத் தருகின்றன. இவற்றைத் தனிச் சொற்களைப் போலவே கற்பிக்க வேண்டும் என்றார். இப்பணியில் ஆல்பர்ட் சிட்னி ஹோர்ன்பி இவருக்குத் துணைநின்றார்.

1934 இல் நியூயார்க்கில் கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் நடந்த சொற்றெரிவு மாநாட்டில் பால்மரும் மைக்கேல் வெஸ்டும் கலந்துகொண்டனர். வெஸ்ட் வங்காளத்தின் டாக்காவில் பணியாற்றியவர். அங்கு மாணவர் பலர் சில ஆண்டுகளிலேயே பள்ளியை விட்டு விலகியதால், அவர்களுக்கு விரைவில் பயன்தரும் வாசிப்பையே முதலில் கற்பிக்க வேண்டும் என்றார். பால்மர் பேச்சுக்கு முதலிடம் தந்தார். சொற்களைத் தேர்ந்து தரப்படுத்த வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். 1936 இல் வெளியான மாநாட்டு அறிக்கையை அடிப்படையாகக் கொண்டே, ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலை வெஸ்ட் 1953 இல் வெளியிட்டார்.

இறுதிக் காலம்

1935 இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம் பால்மருக்கு இலக்கிய முனைவர் பட்டம் வழங்கியது. 1936 இல் இங்கிலாந்து திரும்பிய இவர், லாங்மன்ஸ் பதிப்பகத்தின் ஆலோசகரானார். 1938 இல் ஆயிரம் ஆங்கிலச் சொற்களின் பொருளையும் பயன்பாட்டையும் விளக்கும் நூலை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் தம் மகனை இழந்தார். 1944 இல் தென் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டபோது இவரது உடல்நலம் குன்றியது. 1949 நவம்பர் 16 அன்று இங்கிலாந்தின் பெல்பிரிட்ஜில் காலமானார்.

தாக்கம்

யப்பானில் பால்மரின் பணியைத் தொடர்ந்த ஹோர்ன்பியும் அவருடைய இரு துணையாசிரியர்களும் தொகுத்த அகராதி 1942 இல் டோக்கியோவில் வெளியானது. 1948 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை மறுபதிப்பாக வெளியிட்டது. ஆக்ஸ்போர்டின் கற்போர் அகராதி வரிசை இதிலிருந்தே தொடங்குகிறது.

வாக்கிய அமைப்புகளைத் தரப்படுத்தி வாய்மொழியாகப் பயிற்றும் அமைப்பு முறை, பால்மர், ஹோர்ன்பி ஆகியோரின் வழியில் உருவானதாகும். இம்முறை இந்தியாவிலும் பரவியது. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தலில் மறுபயிற்சி அளிக்கும் பெருந்திட்டம் மேற்கொள்ளப்பட்டது. பிற்காலத்தில் பல இடங்களில் அமைப்பு முறை பொருளற்ற மனப்பாடப் பயிற்சியாகச் சுருங்கியது என்ற திறனாய்வு எழுந்தது. பயிற்சிகள் பரவிய அளவுக்கு, மாணவரை அறிந்து முறைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பால்மரின் பல்வழி அணுகுமுறை பரவவில்லை.