ஜான் பார்டீன்

ஜான் பார்டீன் (மே 23, 1908 – ஜனவரி 30, 1991) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இயற்பியலாளரும் மின்பொறியாளரும் ஆவார். திரிதடையத்தைக் (டிரான்சிஸ்டர்) கண்டுபிடித்தமைக்காக 1956 இலும், மீகடத்துத்திறன் கோட்பாட்டிற்காக 1972 இலும் நோபல் பரிசு பெற்றார். இயற்பியலுக்கான நோபல் பரிசை இருமுறை பெற்றவர் இவர் ஒருவரே.

வாழ்க்கைக் குறிப்பு

விஸ்கொன்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் பிறந்தார். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்று, 1936 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1945 இல் பெல் ஆய்வுகூடத்தில் இணைந்தார்.

திரிதடையம்

மின்புலத்தின் மூலம் குறைக்கடத்தியில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது வில்லியம் சாக்லியின் எண்ணம். ஆனால் சோதனைகள் தோல்வியுற்றன. குறைக்கடத்தியின் மேற்பரப்பில் சிக்கிக்கொள்ளும் எதிர்மின்னிகள் மின்புலத்தை உள்ளே செல்லவிடாமல் தடுக்கின்றன என்று பார்டீன் விளக்கினார். இவ்விளக்கம் ஆய்வைப் புதிய திசையில் திருப்பியது. 1947 டிசம்பர் 16 அன்று பார்டீனும் வால்ட்டர் பிராட்டேனும் செருமானியத்தின் மீது இரு தங்கத் தொடுமுனைகளை நெருக்கமாக வைத்துக் குறிகையைப் பெருக்கிக் காட்டினர்.

சாக்லியுடன் ஏற்பட்ட பிணக்கினால் பார்டீன் 1951 இல் அங்கிருந்து விலகி, இலினொய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கு லியோன் கூப்பர், ராபர்ட் சிரீஃபர் ஆகியோருடன் 1957 இல் மீகடத்துத்திறனை விளக்கும் பி.சி.எஸ். கோட்பாட்டை உருவாக்கினார்.

தாக்கம்

பார்டீன் சுட்டிய மேற்பரப்புத் தடை, சிலிக்கான் மீது ஆக்சைடு படலம் வளர்க்கும் முறையால் பெருமளவு நீங்கியது. இதன்வழி 1959–60 இல் பெல் ஆய்வுகூடத்தில் மொகமத் அட்டாலா, டாவோன் காங் ஆகியோர் மாஸ்ஃபெட் வகைத் திரிதடையத்தை உருவாக்கினர். பார்டீனின் முதல் முனைவர் பட்ட மாணவரான நிக் ஹோலொன்யாக், 1962 இல் கட்புலனாகும் சிவப்பு ஒளி தரும் எல்.ஈ.டி. விளக்கை உருவாக்கினார்.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் எல்.ஈ.டி. பட்டை விளக்குகளில் ஒன்றுசேர்கின்றன. 12 வோல்ட்டில் இயங்கும் 36 வாட் பட்டைக்கு 3 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. நுண்கட்டுப்படுத்தியின் ஒரு முனை சில பத்து மில்லி ஆம்பியர்களையே தரக்கூடியது. மின்னோட்டப் பெருக்கம் 50 உள்ள இருமுனைவுத் திரிதடையத்தைப் பயன்படுத்தினால் அதன் அடிவாய்க்கு 60 மில்லி ஆம்பியர் வேண்டும். இது பெரும்பாலான முனைகளின் திறனுக்கு மிகையாகும். மாஸ்ஃபெட்டின் வாயில் மின்னழுத்தத்தால் இயங்குவதால், நிலைமாறும் கணங்களில் தவிர மின்னோட்டம் கொள்வதில்லை எனலாம். எனினும் நுண்கட்டுப்படுத்தி தரும் 5 அல்லது 3.3 வோல்ட்டிலேயே முழுமையாகத் திறக்கும் வகையைத் தெரிவு செய்தல் வேண்டும். அரைகுறையாகத் திறந்தால் அது சூடேறிப் பழுதடையும்.

மறைவு

பார்டீன் 1991 இல் பாஸ்டன் நகரில் காலமானார்.